அறுபத்தெட்டாம் ஆண்டு ரோசா ராணி

உள்ளை வாரும் பிள்ளை. கதவு திறந்துதான் கிடக்கு. சப்பாத்துக் கழட்டத் தேவையில்லை, இஞ்சை ஒருத்தரும் கழட்டிறேல்லை. அந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இரும். புண் இடது காலிலை. முந்தி வந்த நேர்ஸ் எழுதி வைச்சிருப்பா.

என்ன அப்பிடிப் பாக்கிறீர்? ஓம், நான் தமிழ்தான். உம்மடை கடதாசியிலை மேகி லிங்கம் எண்டு இருந்திருக்கும். வெள்ளைக்காரக் கிழவி ஒண்டு இருக்கும் எண்டு நினைச்சு வந்திருப்பீர். மங்களநாயகி எண்டதுதான் பேர். பள்ளிக்கூடத்திலை முதல் நாளே மேகி ஆக்கிப்போட்டினம். அப்பா வைத்திலிங்கம், அவரையும் பாதியாக்கி டொக்டர் லிங்கம். அவைக்கு வாயிலை வரேல்லை, அவ்வளவுதான். நல்ல சனம்.

நீர் தர்சிகா, என்ன? கிளிநொச்சி? சரி, சரி. என்ரை தமிழ் உமக்குப் பழசாத் தெரியும். தம்பி கனடாவிலை இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கோல் எடுப்பான். அவனோடை கதைச்சுக் கதைச்சுத்தான் இந்தளவெண்டாலும் நிக்குது.

றோட்டு முழுக்கக் கொடி கட்டுறாங்களோ? ஓம், வாற சனிக்கிழமை ரோசா ராணி விழா. இந்தத் தோர்ன்பெக் ஊரிலை அது பெரிய விசயம். கம்பளி மில் ஓடின காலத்திலையிருந்து நடக்குது. ஜூன் மாசம் ரெண்டாவது சனி. பள்ளிக்கூடத்து மேல் வகுப்பிலை ஒரு பொம்பிளைப் பிள்ளையைத் தெரிவுசெய்து, வெள்ளைச் சட்டையும் சிவப்பு வெல்வெட் போர்வையும் போட்டு, சோடிச்ச லொறியிலை ஏத்தி, முன்னுக்குப் பாண்ட் வாத்தியம், பின்னுக்குத் தோழிப் பிள்ளையள் ஆறு பேர். ஊர் முழுக்கச் சுத்தி விளையாட்டு மைதானத்துக்குப் போனால், மில் முதலாளியின்ரை மனுசி வந்து முடி சூட்டுவா. பிறகு தேத்தண்ணியும் பணிசும்.

நானும் ராணியா இருந்தனான். அறுபத்தெட்டிலை. அப்ப பதினொரு வயசு.

சிரிக்கிறீர். உண்மையாத்தான். நீர் கட்டைப் பிரியும், நான் சொல்லுறன்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலையிருந்து அறுபத்திமூண்டிலை வந்தனாங்கள். இந்த ஊருக்கு வர வேறை டொக்டர்மார் விரும்பேல்லை. குளிர், மேடு, மில் புகை. அப்பா வந்தார். ஊருக்கே ஒரு டொக்டர் அவர்தான். ஊரிலை ஆருக்கு என்ன வருத்தம் எண்டாலும் முதல் தெரியிறது அப்பாவுக்கு. எல்லாரும் அவரிலை நல்ல மரியாதை.

அம்மா வேறை மாதிரி. அம்மா வெளிக்கிடுறது குறைவு. இங்கிலிஷ் வராது. அஞ்சு வருஷம் இருந்தும் பழகேல்லை. சீலையோடை றோட்டிலை போனால் பெடியள் ஏதோ கத்துவாங்கள். சின்னப் பெடியள்தானே. அதுக்கெல்லாம் பயந்து வீட்டுக்குள்ளை இருந்தால் எப்பிடி? அவ இருந்தா.

ராணியைத் தெரிவுசெய்யிறது சீட்டுக் குலுக்கி. தலைமை வாத்தியார் அக்ரோய்ட் எண்டு ஒரு மனிசர், நெடுவல், போருக்குப் போய்வந்தவர். தன்ரை தொப்பிக்குள்ளை ஒன்பது துண்டு போட்டு ஒண்டை எடுத்தார். விரிச்சார். கொஞ்சநேரம் பாத்துக்கொண்டே நிண்டார். பிறகு “மேகி லிங்கம்” எண்டு வாசிச்சார். முதல் கை தட்டினது சூசன் ஹார்ட்லி. என்ரை சிநேகிதி, பக்கத்திலை இருந்தவள்.

வீட்டை ஓடி வந்து அம்மாட்டைச் சொன்னன்.

“ராணி எண்டால் என்ன செய்யவேணும்?” எண்டு கேட்டா.

“லொறியிலை இருந்து கை காட்டவேணும்.”

“வேறை?”

“வேறை ஒண்டும் இல்லை.”

அம்மா சிரிச்சா. தம்பி அப்ப கைக்குழந்தை, ஒண்டரை வயசு. அவனைத் தூக்கி, “உன்ரை அக்கா ராணியாம்” எண்டு சொல்லி அவன்ரை கையைப் பிடிச்சு ஆட்டிக் காட்டினா. அப்பா வந்தாப்போலை அவருக்கும் சொன்னம். “நல்லது” எண்டார். பேப்பரை விரிச்சார்.

சட்டை தைக்கிறது எந்த வருஷமும் சூசன்ரை தாய், மிஸிஸ் ஹார்ட்லி. வந்து என்னை நிப்பாட்டி அளவெடுத்தா. வாயிலை ஊசியளைக் கடிச்சுக்கொண்டு, “உனக்கு வெள்ளை எடுப்பா இருக்கும் மேகி” எண்டா. மூண்டு நாளாலை அவவுக்கு மணிக்கட்டுச் சுளுக்கு. தைக்கேலாமல் போச்சு. பாவம். அப்பாட்டைத்தான் காட்ட வந்தவ, அப்பா கட்டுப் போட்டுவிட்டவர். பின்னேரம் சாப்பிடேக்கை அம்மா கேட்டா, “கனக்க வீக்கமோ?”

“வீக்கம் ஒண்டும் இல்லை” எண்டார் அப்பா.

“அப்ப ஏன் கட்டினீங்கள்?”

“கட்டச் சொன்னா. கட்டினன்.”

சுளுக்கெண்டால் சிலவேளை வீக்கம் தெரியாது, என்ன? நீர் நேர்ஸ், உமக்குத் தெரியும்.

பிறகு பாண்ட் வாத்தியக்காரருக்கு வேறை ஊரிலை ஒரு போட்டி வந்திட்டுது. பிறகு நிலக்கரிக்காரன்ரை லொறி எஞ்சின் பழுது. பிறகு தோழிப் பிள்ளையள் ஆறு பேரிலை அஞ்சு பேருக்குக் கன்னம் வீங்கிற கூகைக்கட்டு, எல்லாம் ஒரே கிழமைக்குள்ளை. அது தொத்துற வருத்தந்தானே. அந்தக் கிழமை அப்பாவை ஒரு வீட்டிலையிருந்தும் கூப்பிடேல்லை. தாய்மாரே பாத்திருப்பினம். ஆறாவது பிள்ளை சூசன். அவளைக் கடற்கரைப் பக்கம் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிப்போட்டினம். அவளுக்கு நெஞ்சுச் சளி, கடற்காத்து நல்லதாம்.

உம்மடை முகம் மாறுது. நீர் என்ன நினைக்கிறீர் எண்டு எனக்குத் தெரியும். அந்த ஏப்பிரல் மாசம் ஒரு அரசியல்வாதி எங்களைப்போலை வந்த ஆக்களைத் திருப்பி அனுப்பவேணும் எண்டு ஏதோ பேசி, ரேடியோவிலை எந்தநேரமும் அதே கதை. அப்பா ரேடியோவைத் தூக்கி அலுமாரிக்குள்ளை வைச்சவர். அது லண்டன் பக்கத்துப் பிரச்சினை. இஞ்சை அப்பிடி ஒண்டும் இல்லை. இஞ்சை எல்லாருக்கும் எங்களைத் தெரியும்.

மிஸிஸ் ஹார்ட்லியின்ரை கை ஏலாதெண்டவுடனை அம்மா சொன்னா, “நான் தைக்கிறன்.”

துணி வேணும். துணி எண்டால் ஹலிஃபாக்ஸ் சந்தைக்குப் போகவேணும். அப்பாவுக்கு நேரமில்லை. அம்மா என்னைக் கொண்டு ஒரு துண்டிலை எழுதிவிச்சா: வெள்ளை சாட்டின், ஆறு யார் நீளம். தம்பியை இடுப்பிலை வைச்சுக்கொண்டு, அந்தத் துண்டைக் கையிலை பொத்திக்கொண்டு, தனிய பஸ் ஏறினா. அதுக்கு முதல் அவ தனிய பஸ்ஸிலை போனதே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பாக்கிறன், மேசை முழுக்க வெள்ளையா விரிச்சுக் கிடக்கு. அம்மாவுக்கு முகமெல்லாம் வேர்வை. “பஸ்காரன் என்னை ‘லவ்’ எண்டு கூப்பிட்டவன்” எண்டா. இஞ்சை எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுறவை. அவவுக்கு அது தெரியாது. ரெண்டு மூண்டு தரம் அதையே சொன்னா.

ஒன்பது நாள் தைச்சா. கை மெஷின். கழுத்தைச் சுத்திச் சின்னச் சின்னச் சுருக்கு, கையிலையே பிடிச்சது. மிஸிஸ் ஹார்ட்லி தைக்கிறதிலும் பாக்க வடிவு. அதை நான் அப்ப சொல்லேல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்ரோய்ட் மாஸ்ரர் வீட்டை வந்தார். தொப்பியைக் கழட்டிக் கையிலை வைச்சுக்கொண்டு அப்பாவோடை கதைச்சார். இந்த வருஷம் கன தடங்கலாப் போச்சு, விழாவை ஒத்திவைக்கலாம் எண்டு சிலர் நினைக்கினம், பிள்ளையும் ஏமாறக்கூடாது எண்டார். அப்பா உடனை, “ஓம், ஒத்திவைக்கிறதுதான் நல்லது” எண்டார். அம்மா குசினி வாசலிலை நிண்டா.

“என்னவாம் மாஸ்ரர்?” எண்டு என்னைக் கேட்டா.

நான் சொன்னன்.

“சட்டை தைச்சு முடிஞ்சுது எண்டு சொல்லு.”

அப்பா, “இஞ்சரும், நீர் சும்மா இரும்” எண்டார்.

“நீ சொல்லு மங்களம். சட்டை தைச்சு முடிஞ்சுது.”

நான் இங்கிலிசிலை சொன்னன். மாஸ்ரர் அம்மாவைப் பாத்தார். பிறகு எழும்பித் தொப்பியைப் போட்டார். “அப்ப நாங்கள் நடப்பம்” எண்டார். “ரெண்டு மணிக்கு.”

அடுத்த நாள் ரெண்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசலிலை மாஸ்ரர் ஒரு சின்னத் தலையணையிலை ராணியின்ரை முடியை வைச்சுக்கொண்டு நிண்டார். அப்பா வரேல்லை. அவருக்கு அவசரக் கோல். கிரீன்வுட் எண்டு ஒரு வயசாளிக்கு நெஞ்சு நோவாம். அம்மா கேட்டா, “போன் அடிச்சது எனக்குக் கேக்கேல்லையே?” அவ தம்பிக்கு உடுப்புப் போட்டுக்கொண்டு நிண்டவ, கேட்டிருக்காது.

அப்ப, முன்னுக்கு மாஸ்ரர். நடுவிலை நான். போர்வை நீளம், லொறியிலை இருந்து போறதுக்கெண்டு தைச்சது, நடக்கேக்கை நிலத்திலை இழுபட்டது. பின்னுக்கு அம்மா, தம்பியைத் தள்ளுவண்டிலிலை வைச்சுத் தள்ளிக்கொண்டு. நான் அவவை வரச்சொல்லேல்லை. அவவும் கேக்கேல்லை. நல்ல மாம்பழக் கலர்ச் சீலை ஒண்டு, பொட்டு, கொண்டை. வெளிக்கிட்டு நிண்டா.

மழை தூறினது. அதாலை சனம் வெளியிலை வரேல்லை. பெரிய றோட்டிலை ரெண்டு பக்கமும் கதவு பூட்டு. ஒரு சில யன்னல் சீலை அசைஞ்சது. இறைச்சிக் கடைக்காரன் வாசலிலை நிண்டவன், எங்களைக் கண்டிட்டு ஏதோ மறந்தவன் மாதிரி உள்ளை போனான். தள்ளுவண்டிலின்ரை ஒரு சில்லு கீச்சுக் கீச்செண்டு கத்திக்கொண்டே வந்தது. வேறை சத்தமில்லை. நான் கை காட்டினன். காட்டவேணும்தானே. பூட்டின கதவுக்கெல்லாம் காட்டிக்கொண்டு போனன்.

கிரீன்வுட் கிழவன் தன்ரை வீட்டு யன்னலிலை நிண்டு பைப் புகைச்சுக்கொண்டிருந்தார். அப்பா பாத்துச் சுகமாக்கிப்போட்டார் எண்டு நினைச்சன்.

தேவாலயத்துக்குப் பக்கத்திலை ஒரு ஒழுங்கை போகுது. அதுக்குள்ளை அப்பாவின்ரை கார் நிண்டது. உள்ளை அப்பா. ரெண்டு கையும் ஸ்ரியறிங்கிலை. எங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கும் கை காட்டினன். அவர் காட்டேல்லை. கண்ணாடியிலை மழைத்தண்ணி, தெரிஞ்சிருக்காது. திரும்பிப் பாத்தன். அம்மா வண்டிலை நிப்பாட்டிப்போட்டு நிண்டா. அந்தக் காரைப் பாத்துக்கொண்டு நிண்டா. பிறகு தள்ளிக்கொண்டு வந்தா.

மைதானத்திலை கதிரையள் அடுக்கினபடி கிடந்தது. நாயைக் கொண்டு உலாத்த வந்த ஒரு மனுசி நிண்டா. அவவைக் கணக்கிலை சேர்க்கிறதோ தெரியாது. மில் முதலாளியின்ரை மனுசி வரேல்லை. மாஸ்ரர் கொஞ்சநேரம் வாசலைப் பாத்தார், மணிக்கூட்டைப் பாத்தார். பிறகு அந்தத் தலையணையை அம்மாவுக்கு முன்னாலை நீட்டினார்.

அம்மாவுக்கு விளங்கேல்லை. பிறகு விளங்கிச்சுது. கையைச் சீலையிலை துடைச்சா. முடியை எடுத்து என்ரை தலையிலை வைச்சா. அது பெரிசு, வழுகினது. தன்ரை கொண்டையிலையிருந்து ரெண்டு ஊசியை இழுத்து என்ரை தலைமயிரோடை சேர்த்துக் குத்தினா. அவவின்ரை கொண்டை அவிண்டு விழுந்திட்டுது. “என்ரை ராசாத்தி” எண்டு பலமாச் சொன்னா. தமிழிலை. மாஸ்ரருக்கு முன்னாலை. மழையிலை பொட்டுக் கரைஞ்சு மூக்கிலை வழியுது.

நான் “கோ ஹோம்” எண்டு சொன்னன்.

இங்கிலிசிலைதான் சொன்னன். அம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது. ஆனால் அந்த ரெண்டு சொல்லும் தெரியும். றோட்டிலை பெடியள் கத்துறது அதுதான்.

நான் நினைச்சது வீட்டை போங்கோ எண்டு. மழை பெய்யுது, தம்பி நனையிறான், அவ்வளவுதான். மாஸ்ரர் என்னைத் திரும்பிப் பாத்தார். அதுக்குப் பிறகு ஒருநாளும் அவர் என்னை அப்பிடிப் பாக்கேல்லை.

அம்மா வண்டிலைத் திருப்பினா, போனா.

இப்பவும் நான் அதைத்தான் சொல்லுவன் பிள்ளை. அம்மா வந்திருக்கக்கூடாது. மற்றதெல்லாம் சரி. சுளுக்கு வரும், லொறி பழுதாகும், மழை பெய்யும். ஆனால் அவ அந்தச் சீலையோடை பின்னாலை வராட்டில், சனம் கதவைத் திறந்து பாத்திருக்கும். ஊரிலை ஒருத்தருக்கும் என்னிலை ஒரு கோவமும் இல்லை. நான் இஞ்சத்தைப் பிள்ளை மாதிரித்தான் கதைப்பன். மேகி எண்டால் எல்லாருக்கும் விருப்பம்.

கொஞ்சம் இறுக்கிக் கட்டும். நோகேல்லை.

திங்கட்கிழமை அப்பாவின்ரை அறையிலை வழமையான சனம். ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. கூகைக்கட்டு வந்த அஞ்சு பேரும் பள்ளிக்கூடம் வந்திட்டினம். அந்த மழையிலை தடிமன் பிடிச்சது எனக்கு மட்டுந்தான். வீட்டிலை அம்மாவும் அப்பாவும் அந்த ஒழுங்கையைப் பற்றிக் கதைச்சதை நான் கேக்கேல்லை. கதைச்சதாவும் தெரியேல்லை. அம்மா சமைப்பா, அப்பா சாப்பிடுவார், கோப்பையைக் கழுவி வைப்பா.

செப்ரெம்பரிலை அம்மா சொன்னா, “நான் ஊருக்குப் போறன். தம்பியைக் கொண்டு போறன்.”

அப்பா, “ஒரு வருஷம் பொறும், நானும் வந்திடுவன்” எண்டார்.

“நீங்கள் வாங்கோ. நான் இப்ப போறன்.” பிறகு என்னட்டைத் திரும்பினா. “நீ வாறியோ?”

“எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு” எண்டன். பெரிய பள்ளிக்கூடத்திலை இடம் கிடைச்சு ரெண்டு கிழமை.

“சரி” எண்டா. அவ ரெண்டாந்தரம் கேக்கேல்லை. விமான நிலையத்திலை என்ரை கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரைக்கும் பூட்டிவிட்டா. தம்பி அழுதான். அம்மா அழேல்லை. நானும் அழேல்லை.

அப்பா போகேல்லை. வருஷா வருஷம் அடுத்த வருஷம் எண்டுவார். எண்பத்தொண்டிலை இஞ்சையே செத்துப்போனார். தேவாலயம் நிறையச் சனம், நிக்க இடமில்லை. எண்பத்திமூண்டிலை நான் யாழ்ப்பாணம் போக ரிக்கற் எடுத்தனான். ஜூலையிலை அங்கை கலவரம், போகேல்லை. பிறகு எப்பவும் ஏதோ ஒண்டு. நான் தபால் கந்தோரிலை வேலை. தோர்ன்பெக் தபால் கந்தோர், முப்பத்தைஞ்சு வருஷம், ஒரே கவுண்டர். ஊர் முழுக்கத் தெரியும். தொண்ணூத்தஞ்சிலை சண்டையாலை எல்லாரும் இடம்பெயர்ந்து போகேக்கை அம்மாவும் சாவகச்சேரிக்கு நடந்து போனவ. அங்கை ஆரோ சொந்தக்காரர் வீட்டு விறாந்தையிலை, காய்ச்சலிலை கண்ணை மூடினா. தம்பி கனடாவிலையிருந்து கந்தோருக்குக் கோல் எடுத்துச் சொன்னான். காலமை பத்து மணி. அண்டைக்குப் பென்சன் குடுக்கிற நாள், வரிசை வாசல் வரைக்கும். நான் அஞ்சு மணிக்குப் பூட்டிப்போட்டுத்தான் வந்தனான்.

இப்ப நான் இஞ்சத்தை ஊர் வரலாற்றுச் சங்கத்திலை செயலாளர். சூசன்தான் தலைவர். ஓம், அதே சூசன், இப்பவும் ஒண்டாத்தான் தேத்தண்ணி குடிப்பம். போன மாரி ஊர்ச் சரித்திரம் ஒரு புத்தகமாப் போட்டம். மில், தேவாலயம், வெள்ளம் வந்தது, எல்லாம். கடைசிப் பக்கத்திலை ரோசா ராணிமாரின்ரை பட்டியல். நான்தான் ரைப் பண்ணினது. அறுபத்தேழு, லிண்டா பாரக்ளவ். அறுபத்தொன்பது, சூசன்ரை தங்கச்சி. நடுவிலை கை நிண்டிட்டுது. சூசன் பக்கத்திலை இருந்து விஸ்கோத்துக் கடிச்சுக்கொண்டு, “அறுபத்தெட்டிலை மழை, என்ன மேகி? விழா நடக்கேல்லை” எண்டாள். என்ரை முகத்தைப் பாக்கேல்லை. கையிலை விழுந்த தூளைத் தட்டிக்கொண்டு சொன்னாள்.

“ஓம், மழைதான்” எண்டன். அப்பிடியே அடிச்சன். மழை காரணமாக விழா நடைபெறவில்லை. அது பொய்யும் இல்லை. மழை பெய்ததுதானே.

ஏன் பிள்ளை கையை எடுத்திட்டீர்? கட்டும், கட்டும். முடிக்கப் போறன்.

போன ஞாயிறு தம்பி கோல் எடுத்தான். அம்மாவின்ரை திவசம் வருகுது, பிள்ளையளுக்கு அவவைப் பற்றி ஏதாவது சொல்லவேணும் எண்டான். “அக்கா, நான் கேக்க நினைச்சு நினைச்சு விட்டிட்டன். அம்மா ஊரிலை எல்லாருக்கும் ஒரு கதை சொல்லுறவ. கிணத்தடியிலை, கோயிலிலை, ஆர் வந்தாலும். நீ அங்கை ராணியாப் போனியாம். றோட்டிலை ரெண்டு பக்கமும் சனமாம். பாண்ட் அடிச்சவையாம். யன்னலுகளிலையிருந்து பூ எறிஞ்சவையாம். அப்பா காரிலை நிண்டு கை காட்டினவராம். உண்மையோ?”

அவன், “அக்கா, நிக்கிறியோ?” எண்டான்.

“ஓம், உண்மை” எண்டன்.

“மகள் கேக்கிறாள், எவ்வளவு சனம் எண்டு.”

“எண்ணேலாது எண்டு சொல்லு.”

அவன் அதை அவளுக்கு இங்கிலிசிலை சொன்னது எனக்குக் கேட்டது. அவள் ஏதோ திருப்பிக் கேட்டாள். சின்னக் குரல், பத்து வயசு இருக்கும்.

“அப்பம்மா எங்கை நிண்டவவாம் எண்டு கேக்கிறாள்” எண்டான் தம்பி.

“எனக்குப் பின்னாலை” எண்டன். “முழுத் தூரமும் எனக்குப் பின்னாலை நடந்து வந்தவ எண்டு சொல்லு.”

அது உண்மை பிள்ளை.